பழைய லேண்ட் ரோவர் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இன்றும் மூட்டை சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்து குவிந்த கடிதங்கள் மற்ற கேள்விகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டதால், இம்மாதம் இப்பகுதி முழுவதையும் நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய வண்டிகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

என் தந்தையார் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். தோட்டத் துரையின் பச்சை நிற லேண்ட் ரோவரில் சிறுவயதில் ஒருமுறை ஏறியது முதல் அந்த வண்டியின் மேல் எனக்குத் தீராத ஆசை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. விற்பவர்கள் சீரிஸ் 1, 2, 2ஏ, 3 என்று அடுக்குகிறார்கள். இவற்றை எப்படி அடையாளம் காண்பது? எதை வாங்குவது? – ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

ஐயா, ஓட்டிப் பார்க்காமலேயே இவற்றைப் பிரித்தறியலாம். 1948இல் வந்த சீரிஸ் 1 வண்டியின் பக்கத் தகடுகள் மேலிருந்து கீழ்வரை தட்டையாக இருக்கும். 1958இல் வந்த சீரிஸ் 2 முதல், சன்னலுக்குக் கீழே உடல் வெளிப்புறமாகச் சற்றே புடைத்து வளைந்திருக்கும். 1961இல் வந்த 2ஏ வண்டிக்கும் அதற்கு முந்தைய 2க்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு மிகக் குறைவு. 1960களின் இறுதிவரை முகப்பு விளக்குகள் இரண்டும் நடுவலையை ஒட்டி நெருங்கி இருந்தன. பின்னர் அவை இரு பக்க மட்கார்டுகளுக்கு இடம் மாறின. 1971இல் வந்த சீரிஸ் 3இல் முகப்பு வலை பிளாஸ்டிக்கானது; அதுவரை டேஷ்போர்டின் நடுவில் இருந்த மீட்டர்கள் ஓட்டுநருக்கு நேராக வந்தன. ஆனால் இவையெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே பொருந்தும். நம் நாட்டில் ஒரு வண்டியின் முகத்தை இன்னொரு வண்டிக்குப் பொருத்துவது பல்லாண்டுகளாக நடந்துவரும் வழக்கம் என்பதால், முகத்தைப் பார்த்து ஆண்டை முடிவு செய்துவிடாதீர்கள். சாசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அடித்திருக்கும் எண் சொல்வதே முடிவானது.

ஓட்டுவதில் உள்ள வேறுபாடுதான் உங்களுக்கு முக்கியமானது. 2, 2ஏ வண்டிகளில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே சின்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு) உண்டு. மேல் கியரிலிருந்து இரண்டாவதற்கோ முதலாவதற்கோ இறங்க வேண்டுமானால், கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கியர் போட வேண்டும். லாரி ஓட்டிப் பழகிய பழைய ஓட்டுநர்களுக்கு இது கைவந்த கலை; மற்றவர்களுக்கு ஒரு மாதப் பயிற்சி வேண்டும். சீரிஸ் 3இல் நான்கு முன் கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே முதன்முறையாக வாங்கும் உங்களுக்கு, 2.25 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் 88 அங்குல அச்சுத் தூரமும் கொண்ட சீரிஸ் 3 வண்டியைத்தான் பரிந்துரைப்பேன். (88, 109 என்பவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம்.) 109 அங்குல வண்டி குடும்பத்தோடு போக நன்றாக இருக்கும், ஆனால் ஜார்ஜ் டவுன் சந்துகளில் அதைத் திருப்ப முயன்றால் தோள் வலிதான் மிஞ்சும், ஏனென்றால் இவற்றில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. சீரிஸ் 1 அழகானது. உதிரிப்பாகம் கிடைப்பதும் விலையும் சேகரிப்பாளர்களுக்கே கட்டுப்படியாகும்.

ஆசைக்கு அணை போடவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் இவ்வண்டி மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் மகிழ்ச்சியாக ஓடாது, குளிர்சாதனம் இராது, என்ஜினின் வெப்பம் காலடியில் தெரியும், பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் பேச வேண்டும். துணைவியாரை ஒருமுறை அழைத்துச் சென்று உட்கார வைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

“உடல் முழுவதும் அலுமினியம், துருப்பிடிக்கவே பிடிக்காது” என்று சொல்லி ஒருவர் 2ஏ வண்டியொன்றை விற்க முன்வருகிறார். பெயின்ட் புதிதாக மின்னுகிறது. நம்பலாமா? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மை. லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது என்பது உண்மையன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில் கிடைத்ததால், ரோவர் நிறுவனம் பர்மாபிரைட் எனப்படும் அலுமினிய மக்னீசியக் கலவைத் தகட்டை உடலுக்குப் பயன்படுத்தியது. தொடக்ககால வண்டிகள் பெரும்பாலும் பச்சையாக இருந்ததற்கும் போரில் மிஞ்சிய ராணுவப் பெயின்ட்தான் காரணம். ஆனால் அந்தத் தகடுகளைத் தாங்கி நிற்கும் எலும்பெல்லாம் எஃகு: அடியில் இருக்கும் சாசி, என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையே நிற்கும் பல்க்ஹெட் என்னும் தடுப்பு, கதவுகளின் உட்சட்டம் ஆகிய மூன்றும்தான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

சாசி என்பது எஃகுத் தகடுகளை நான்கு பக்கமும் வெல்டிங் செய்து உருவாக்கிய உள்ளீடற்ற பெட்டி. சேறும் நீரும் அதனுள் புகுந்து தங்கிவிடுவதால், துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே ஒரு புள்ளி தெரியும்போது உள்ளே கை அகலத்துக்கு அரித்திருக்கும். முதலில் பார்க்க வேண்டிய இடம் பின்புறக் குறுக்குச் சட்டம். அடுத்து, பல்க்ஹெட்டைத் தாங்கும் பக்கக் கைகள். பிறகு பட்டை ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கிகள், பின் அச்சுக்கு மேலே சாசி வளைந்து எழும் பகுதி. பல்க்ஹெட்டில் கால் வைக்கும் குழிகளையும், கதவுக் கீல்கள் பொருந்தும் மேல் மூலைகளையும் பார்க்க வேண்டும். ரப்பர் விரிப்பை எடுக்க விற்பவர் தயங்கினால் அங்கேதான் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்கும் முறை எளிது. சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், சாசியை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் அது உள்ளே இறங்கும். கறுப்புத் தார்ப்பூச்சு புதிதாகவும் தடிப்பாகவும் பூசப்பட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை; பெயின்ட் பளபளப்பையும் சேர்த்து நீங்கள் சொல்வதால், இதை அழுத்திச் சொல்கிறேன். சுத்தியலால் தட்ட அனுமதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு நோயும் உண்டு. அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். பினாங்குத் தீவில் கடற்காற்றிலேயே நின்ற வண்டிகளில் இதைக் கதவுகளின் கீழ்விளிம்பிலும், போல்ட்டுகளைச் சுற்றியும் காணலாம். பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள்.

சாசியின் ஓரிரு இடங்களை வெட்டி ஒட்டுவது நல்ல வெல்டருக்குப் பெரிய வேலையன்று. நெடுகிலும் அரித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். துத்தநாகம் பூசிய புதிய சாசிகள் இன்றும் பிரிட்டனில் செய்யப்படுகின்றன. கப்பல் கட்டணமும் கூலியும் சேர்ந்தால், வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிடும். ஆதலால் பெயின்ட்டுக்கும் இருக்கைத் துணிக்கும் கூடுதலாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காமல், சாசிக்கும் காகிதத்துக்கும் மட்டும் விலை பேசுங்கள்.

காகிதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2ஏ, 3 வண்டிகளில் சாசி எண் வலப்பக்க முன் ஸ்பிரிங் கொக்கியின் மேல் அடிக்கப்பட்டிருக்கும். உலோகத் தூரிகையால் தேய்த்துப் படித்து, கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். உள்ளே ரிவெட் அடித்த தகட்டில் எண் இருக்கிறது என்று விற்பவர் காட்டினால் அது போதாது; தகட்டைக் கழற்றி இன்னொரு வண்டியில் பொருத்த ஐந்து நிமிடம் போதும். ராணுவத்திலிருந்து டெண்டரில் வந்த வண்டி என்றால், முதல் பதிவு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். எண் பொருந்தாத வண்டியை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது. புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் அது நின்றுபோகும், பணம் திரும்பாது.

அப்பா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய சீரிஸ் 3 வீட்டுக் கொட்டகையில் அப்படியே நிற்கிறது. அண்ணன்மார் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் அதை ஓட்ட விரும்புகிறேன். புதிய பேட்டரி வாங்கி ஸ்டார்ட் செய்யலாமா? – வாசகி, பெட்டாலிங் ஜெயா

அம்மா, பேட்டரியை இப்போது வாங்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற என்ஜினைச் சுழற்றும் முதல் சுழற்சியே அதைக் கெடுத்துவிடக்கூடும்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பின்னர் கையால் சுற்றுங்கள். இவ்வண்டிகளின் பெருமைகளுள் ஒன்று, முன்பக்கம் கைப்பிடிக் கம்பியைச் செருகி என்ஜினைக் கையால் சுழற்றலாம் என்பது. அந்தக் கம்பி பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால் கிடக்கும். பிளக்குகள் வெளியே இருக்கும்போது எதிர்ப்பு அதிகம் இராது. என்ஜின் சுழன்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சுழலவில்லையென்றால் பலத்தைக் காட்டாமல் இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். (பின்னாளில் இதே கம்பியால் ஸ்டார்ட் செய்யும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். என்ஜின் எதிர்த்திசையில் உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும்.)

தொட்டியில் உள்ள பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்துப் பிசினாக மாறியிருக்கும். அதை முழுவதும் வடித்து, தொட்டியைக் கழுவி, ரப்பர் குழாய்களையெல்லாம் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். என்ஜின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கிளட்சை மிதித்தும் கியர் விழவில்லையென்றால் அதுதான் காரணம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது பிரேக். என்ஜின் உறுமினால் வீட்டார் எல்லோரும் கைதட்டுவார்கள், உடனே ஒரு சுற்றுப் போய்வர ஆசை வரும். அந்த ஆசைதான் ஆபத்து. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்குக்கும் ஒரே எண்ணெய்த் தடம். எங்கேனும் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், நின்ற ஆண்டுகளில் சக்கர சிலிண்டர்கள் உள்ளே துருவேறி இறுகியிருக்கும். சிலிண்டர்கள், குழாய்கள், எண்ணெய் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். மற்ற செலவுகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதலிரண்டும் தயாரித்த வாரம், பின்னிரண்டும் ஆண்டு. பூ தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரை நம்பாதீர்கள்.

வண்டி இன்னும் தந்தையார் பெயரில் இருந்தால், வாரிசுரிமைக்கான ஆணையை அமானா ராயா நிறுவனம் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ பெற்ற பின்னரே பெயர் மாற்ற முடியும். அண்ணன்மாரின் சம்மதம் அதற்குத் தேவைப்படும். பழைய இரும்பின் விலையை எடைபோட்டு அவர்களுக்குக் கொடுத்துவிட முன்வந்தால், பேச்சு விரைவில் முடியும் என்று நினைக்கிறேன்.

நான் பார்த்து வைத்திருக்கும் லேண்ட் ரோவரில் ஜப்பானிய டீசல் என்ஜின் மாட்டியிருக்கிறார்கள். நல்லதா, கெட்டதா? – லாரி உரிமையாளர், கிள்ளான்

இரண்டும்தான். ஹாஃப் கட் கடைகளில் (வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடைகளில்) இசுசு, நிசான், டொயோட்டா டீசல் என்ஜின்கள் எளிதில் கிடைப்பதால், நம் நாட்டில் இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. இசுசுவின் 4ஜேபி1 என்னும் 2.8 லிட்டர் என்ஜின், லேண்ட் ரோவரின் சொந்த 2.25 டீசலைவிட வலிமையிலும் உழைப்பிலும் மேலானது என்பதில் ஐயமில்லை. சேற்றிலும் மேட்டிலும் நாள்தோறும் உழைக்க வேண்டிய வண்டிக்கு அது ஏற்றதுதான்.

சிக்கல் என்ஜினில் இல்லை. அதற்குப் பின்னால் இருப்பவற்றில் இருக்கிறது. பழைய கியர்பெட்டியும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பின் அரை அச்சுகளும் அந்த முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டவையல்ல. என்ஜின் இழுக்கும், அச்சு முறியும். அதைவிடக் கவலைக்குரியது, மணிக்கு 80இல் நிற்கத் தெரிந்த பிரேக்குகளோடு வண்டி 110இல் ஓடத் தொடங்குவது. ஆகவே கியர்பெட்டி, அச்சு, பிரேக் மூன்றையும் கவனித்துச் செய்த மாற்றமா என்று கேளுங்கள். என்ஜின் எண்ணும் கொள்ளளவும் எரிபொருள் வகையும் கிராண்டில் திருத்தப்பட்டிருக்க வேண்டும். சாலை வரியே கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுவது என்பதால், திருத்தாத வண்டி வரிக் குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறது, விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கைவிரிக்கும்.

சொந்த என்ஜின் முழுமையாக இருக்கும் வண்டியிலிருந்து அதைப் பிடுங்கி எறிவதை மட்டும் என் மனம் ஏற்பதில்லை.

ஜீப்பைப் பார்த்துத்தான் லேண்ட் ரோவரைச் செய்தார்கள் என்று நண்பன் வாதிடுகிறான். உண்மையா? – பல்கலைக்கழக மாணவர், பினாங்கு

நண்பர் வென்றார். 1940இல் அமெரிக்க ராணுவம் சிறிய வேவு வண்டி ஒன்றைக் கேட்டபோது முதல் மாதிரியைச் செய்துகொடுத்தது பேண்டம் என்னும் சிறு நிறுவனம். ஆனால் பெருமளவில் செய்யும் வாய்ப்பு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்குப் போனது. போர் முடிவதற்குள் அவை இரண்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போரில் மிஞ்சிய அத்தகைய ஜீப் ஒன்றைத்தான் ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் உள்ள ஆங்கல்சி தீவில் தம் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1947இல் அவர்கள் செய்த முதல் சோதனை வண்டி ஜீப்பின் சாசி மீதே கட்டப்பட்டது. ஸ்டீயரிங் நடுவில் இருந்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லேண்ட் ரோவரின் அச்சுத் தூரமும், வில்லிஸ் ஜீப்பின் அச்சுத் தூரமும் ஒன்றே: 80 அங்குலம்.

டொயோட்டாவின் தொடக்கமும் அதே மரபுதான். 1951இல் அந்நிறுவனம் செய்த பிஜே வண்டி ஃபியூஜி மலையின் ஆறாம் நிலைவரை ஏறிக் காட்டியது. 1954இல் லேண்ட் குரூசர் என்ற பெயர் வந்தது. ஜீப்பை இந்தியாவில் மகிந்திராவும் ஜப்பானில் மிட்சுபிஷியும் உரிமம் பெற்றே செய்தன. நண்பரிடம் பந்தயம் கட்டியிருந்தால், ஒரு தட்டு மீ கோரெங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேண்ட் ரோவரில் கியர் கம்பியோடு இருக்கும் மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ் இரண்டையும் எப்போது பயன்படுத்துவது? மழைநாளில் தார்ச்சாலையில் மஞ்சளை அழுத்தி ஓட்டினால் பிடிமானம் கூடும் என்று ஒருவர் சொன்னார். – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

அவர் சொன்னதைக் கேட்காதீர்கள். சாதாரணமாக வண்டி பின் சக்கரங்களால் மட்டுமே ஓடுகிறது. மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இயங்கும். சிவப்புக் குமிழுள்ள கம்பியைப் பின்னுக்கு இழுத்தால் நான்கு சக்கர இயக்கத்தோடு தாழ்கியர் வரிசையும் சேரும். வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, இழுவிசை இரண்டு மடங்காகவோ அதற்கும் மேலாகவோ கூடும். சிவப்பை வண்டியை நிறுத்திய பிறகே இழுக்க வேண்டும். மஞ்சளை விடுவிக்க வேண்டுமானால், வண்டியை நிறுத்தி, சிவப்பைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ளினால், மஞ்சள் தானே மேலே எழும்பிவிடும்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. இவ்வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் டிஃப்பரன்சியல் இல்லை. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலை சக்கரத்தை வழுக்க விடாது. முறுக்கு உள்ளேயே ஏறிக்கொண்டு போய், ஸ்டீயரிங் இறுகி, கடைசியில் அச்சோ கியரோ முறியும். மழையில் தேவைப்படுவது நல்ல டயரும் குறைந்த வேகமும்தான். வெள்ளநீரைக் கடந்து வந்தால் டிரம்முக்குள் நீர் தங்கி பிரேக் பிடிக்காது என்பதையும் மறவாமல், மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக மிதித்து உலர்த்துங்கள்.

லேண்ட் குரூசர் எஃப்ஜே40 வாங்கலாமா, லேண்ட் ரோவர் வாங்கலாமா? – வாசகர், செராஸ்

ஓட்ட விரும்பினால் டொயோட்டா. கழற்றிப் பூட்ட விரும்பினால் லேண்ட் ரோவர். 1960 முதல் 1984 வரை வந்த 40 வரிசையின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும், பின்னர் வந்த பிஜே டீசல்களும், அச்சுகளும் சலிக்காமல் உழைப்பவை. ஆனால் உடல் முழுவதும் எஃகு என்பதால், கூரை ஓரத்து நீர்வடிகாலிலும் பின் சக்கரத்துக்குப் பின்னாலும் துரு தின்னும். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடுவதால் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. விலை எட்டாத இளைஞர்கள் சுசுக்கி எஸ்ஜே410ஐப் பாருங்கள்: 970 சிசி என்ஜின்தான் என்றாலும் தனிச் சாசி, பட்டை ஸ்பிரிங், தாழ்கியர் எல்லாம் உண்டு, எடை குறைவாக இருப்பதால் பெரிய வண்டிகள் புதையும் சேற்றில் மேலோடு போய்விடும்.

என் ஜீப்பில் பினாங்குக் கொடிமலையின் ஜீப் பாதையில் ஏற ஆசை. – வாசகர், ஆயர் ஈத்தாம்

முடியாது. தண்ணீர்மலைக்கு அருகே தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து தொடங்கி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் செங்குத்தாக ஏறும் அந்தப் பாதையில், அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே செல்லலாம். மற்றவர்கள் நடந்து ஏறலாம், தினமும் ஏறுகிறார்கள்.

தீபகற்பத்தின் வனக் காப்பகங்களுக்குள் வண்டியோடு நுழையவும் அந்தந்த மாநில வன இலாகாவின் அனுமதி தேவை. தனியே போகாமல், அனுமதி வாங்கித் தரும் குழுவோடு போவதே முறை. 1997 முதல் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி வேண்டுமென்றே மழைக்காலத்தில் நடத்தப்படுகிறது என்பதைச் சொல்லி, மழையில் காட்டுக்குள் புறப்படும் புதியவர்கள் உண்டு. அந்தப் போட்டியாளர்களுக்கு வின்ச்சும் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) துணை வண்டிகளும் அனுபவமும் இருக்கின்றன. வின்ச் கம்பியை மரத்தில் நேரடியாகச் சுற்றாமல், அதற்கென்று விற்கும் அகலப் பட்டையைச் சுற்றுங்கள். கம்பி மரத்தின் தோலை அறுத்துவிட்டால் அந்த மரம் பிழைக்காது.

லண்டனிலிருந்து சிங்கப்பூர்வரை லேண்ட் ரோவரில் மாணவர்கள் வந்ததாகவும், நம் நாட்டு வழியாகப் போனதாகவும் தாத்தா சொல்வார். நடந்ததுதானா? – வாசகி, ஜார்ஜ் டவுன்

நடந்ததுதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர், இரண்டு சீரிஸ் 1 வண்டிகளில் 1955 செப்டம்பரில் லண்டனை விட்டுக் கிளம்பி, இந்தியா, பர்மா, தாய்லாந்து வழியாக மலாயாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அப்போது இங்கே அவசரகாலம் நடப்பில் இருந்தது. ராணுவமும் போலீசும் தோட்டத் துரைமாரும் அதே வகை வண்டிகளில்தான் சென்றுவந்தார்கள் என்பதால், நம் சாலைகளுக்கு அவை புதியவையாக இருந்திருக்க மாட்டா. அவ்விரு வண்டிகளுள் கருநீல வண்டியான ‘ஆக்ஸ்ஃபோர்டு’, தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் கண்டெடுக்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டது. 2019இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் ஓடியது.

பழைய வண்டிகளுக்கு ரோன் 95 பெட்ரோல் போதுமா? டீசலில் செம்பனை எண்ணெய் கலப்பதால் கெடுதல் உண்டா? – தோட்ட மேற்பார்வையாளர், நிபோங் தெபால்

பெட்ரோல் லேண்ட் ரோவருக்கு ரோன் 95 தாராளம். குறைந்த அழுத்த விகிதமுள்ள அந்த என்ஜினுக்கு ரோன் 97 வாங்கி ஊற்றுவது வீண் செலவு. டீசல் வேறு கதை. 2019 முதல் நம் நாட்டு நிலையங்களில் பத்து விழுக்காடு செம்பனை டீசல் கலந்த பி10 விற்கப்படுகிறது. என்ஜினுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் செம்பனையிலிருந்து வரும் இந்த உயிர் டீசல் பழைய இயற்கை ரப்பர் குழாய்களை ஊறவைத்து மென்மையாக்கும். தொட்டியில் ஆண்டாண்டாகப் படிந்த கசடைக் கரைத்து வடிகட்டியில் கொண்டுவந்து சேர்க்கும். நீரையும் எளிதில் ஈர்க்கும். ஆகவே குழாய்களை இக்காலத்து ரப்பருக்கு மாற்றுங்கள், வடிகட்டியை முன்பைவிட அடிக்கடி மாற்றுங்கள், நீர் பிரிக்கும் கோப்பையை வாரந்தோறும் திறந்து வடியுங்கள். ஓட்டாமல் நிறுத்தும் மாதங்களில் தொட்டியை நிரப்பியே வைத்திருந்தால் ஈரம் உள்ளே படியாது.

என் சீரிஸ் 3 அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய் சொட்டுவதாக நிர்வாகத்தினர் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். லேண்ட் ரோவர் என்றாலே சொட்டும் என்று மெக்கானிக் சிரிக்கிறார். – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

“சொட்டவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்” என்பது உரிமையாளர்களிடையே வழங்கும் பழைய கேலி. மெக்கானிக்குகள் அதைச் சாக்காக வைத்துக்கொள்வதுதான் தவறு. வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை ஒரு இரவு விரித்து வைத்து, சொட்டுகள் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களுக்கு உட்பக்கம் விழுந்தால், சக்கரம் திரும்புவதற்கான உருண்டை மூட்டின் சீல் தேய்ந்திருக்கிறது. சீலை மாற்றலாம், அல்லது அம்மூட்டுக்கென்றே விற்கும் கெட்டிக் கிரீஸை எண்ணெய்க்குப் பதிலாக நிரப்பலாம். என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே விழுந்தால் பின்புறப் பிரதான சீல். அதற்குக் கியர்பெட்டியை இறக்க வேண்டும், கூலி கூடும், ஆதலால் கிளட்ச் மாற்றும் நாள்வரை பொறுத்திருந்து இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். பின் அச்சின் நடுவே விழுந்தால் பினியன் சீல், அரைநாள் வேலை. பிரேக் டிரம்மின் உட்புறம் ஈரமாக இருந்தால் மட்டும் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். அது அச்சு எண்ணெயாகவோ பிரேக் எண்ணெயாகவோ இருக்கலாம், இரண்டுமே பிரேக்கைக் கெடுக்கும்.

நிர்வாகத்தினருக்கு, ஓரம் உயர்ந்த தகரத் தட்டு ஒன்றை வண்டிக்கு அடியில் வைத்திருப்பதாகப் பதில் எழுதுங்கள். கடிதம் எழுதும் முன்பே தட்டை வைத்துவிடுங்கள்.